கரண்டி விழுந்த சத்தம்

என் மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றியே தீருவது என்று நான் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. பதறாதீர்கள். நீங்கள் நினைக்கிற ஏமாற்று அல்ல. அதற்கு வேண்டிய தைரியமும் என்னிடம் இல்லை, தலைமுடியும் இல்லை. நான் நம்பி இறங்கியது ஒரு கத்தரிக்காயை.

என் தொழிலைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். பீங்கானில் காய்கறி, பழம் செய்கிறவன் நான். ஓட்டல் வரவேற்பறையில் தட்டு நிறைய பழம் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். யாரும் கவனிக்காத நேரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தும் இருப்பீர்கள். பல் ஆடியிருக்கும். அது என்னுடையதாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கூடவே என் நன்றியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு கலைஞனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வீட்டை ஒட்டி, கார் நிறுத்துவதற்காகக் கட்டிய இடத்தில் என் பட்டறை. கார் வரவில்லை, மின்சார சூளை வந்தது. நான் அதை ஸ்டூடியோ என்பேன். என் மனைவி ஷெட் என்பாள். பெயர்ப்பலகையில் நான் ஸ்டூடியோ என்று எழுதி மாட்டிய பிறகும், "ஷெட்ல ஸ்டூடியோன்னு ஒரு பலகை தொங்குது, காத்துல ஆடுது, இறுக்குங்க" என்றுதான் சொன்னாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய தையல் ஆலையில். தரம் பார்க்கும் பிரிவு. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகள் அவள் கண்முன் ஓடும். எதிலாவது ஒரு தையல் தப்பியிருந்தால் போதும், அந்தச் சட்டை தனியாக விழும். அந்தக் கண்ணைக் கழற்றி ஆலையிலேயே வைத்துவிட்டு வரும் வசதி இன்னும் வரவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவாள். இருபத்திரண்டு வருஷமாக என்னை மட்டும் ஏன் தனியாகப் போடாமல் வைத்திருக்கிறாள் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன உச்சபட்ச வார்த்தை, "பரவாயில்ல." ஊரே மூக்கில் விரல் வைத்த என் ஆப்பிளுக்கு, பரவாயில்ல. உறவுக்காரர் ஒருவர் உரிக்க முயன்று நகம் பெயர்ந்த என் ஆரஞ்சுக்கு, பரவாயில்ல. ஒரே ஒரு முறை அவள் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்று வந்துவிட்டால் போதும் என்று எனக்கு ஏக்கம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை. சமையலறைக் கூடையில் ஏழு கத்தரிக்காய்கள். ஆறு சந்தையில் வாங்கியது. ஏழாவது என் சூளையில் பிறந்தது. நான் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் அறியாதவன் போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முதலாவதை நறுக்கினாள். இரண்டாவதை நறுக்கினாள். மூன்றாவதை எடுத்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய் ஷெட்ல வைங்க."

"எதை?"

"இதை."

"அது கத்தரிக்காய்."

"அப்போ கடிச்சுக் காட்டுங்க."

"பச்சைக் கத்தரிக்காயை எவனாவது கடிப்பானா?"

"இது பச்சையா? ஆயிரம் டிகிரியில சுட்டதாச்சே."

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "காம்புல முள் இல்ல."

பார்த்தேன். உண்மைதான், இல்லை. இருபத்திரண்டு வருஷமாக முள் இல்லாத கத்தரிக்காய் செய்து உலகத்தை ஏமாற்றியிருக்கிறேன்.

அன்று மாலை மாடி வீட்டுத் தையல்காரர் கீழே இறங்கி வந்தார். நாங்கள் தேநீர் போடும் நேரத்தை அங்குல சுத்தமாக அளவெடுத்து வைத்திருப்பவர். அவர் முன்னிலையில் என் ரோஷம் பொங்கிற்று.

"இதோ பார். இன்னும் ரெண்டரை மாசத்துல கைவினைக் கண்காட்சி வருது. அது முடியறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் செஞ்ச காயில நீ கத்தி வெச்சுட்டா நீ தோத்தே. என் முகத்தைப் பார்த்து 'நல்லா இருக்கு'ன்னு சொல்லணும். 'பரவாயில்ல' செல்லாது."

"சரி. நான் ஏமாறலைன்னா?"

"நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

"காலையில காய் நறுக்கற வேலை உங்களுது. ஆயுசு பூரா."

தையல்காரர் தேநீரை உறிஞ்சாமல் நிறுத்தினார். காரணம் இருக்கிறது. நான் சமையலறைக் கத்தியைத் தொட்டதே கிடையாது. கலைஞனின் விரல் நாட்டின் சொத்து என்பது என் கட்சி. விரலில் ஒரு கீறல் விழுந்தால் பட்டாணி உருட்டுவது எப்படி? இந்த ஒரு வாதத்தை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

"அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் தையல்காரர்.

யோசிப்பதா? ரோஷம் வந்தவன் யோசித்ததாகச் சரித்திரம் உண்டா? நான் எழுந்து நின்றேன். "ஏமாந்தவங்க நறுக்கணும். அவ்வளவுதான் பந்தயம். அது யாரா இருந்தாலும் சரி!"

"யாரா இருந்தாலுமா?" என்றாள் மனைவி.

"யாரா இருந்தாலும்!"

"தம்பி, நீங்கதான் சாட்சி."

"ஆகட்டும் அண்ணி," என்று தையல்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாக்குறுதியை உறுதி செய்தார்.

அடுத்து வந்த வாரங்களில் நான் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு எலுமிச்சை செய்து கூடையில் வைத்தேன். அன்றைக்கு வாசலில் நின்று செய்தித்தாள் படித்தேன். அவள் எலுமிச்சையை எடுத்தாள், என் மடியில் போட்டாள்.

"எடை இல்ல."

நியாயம். என் பழங்களுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் கூடு. இரண்டு அரைக்கிண்ணங்களாக மண்ணைத் தட்டி ஒட்டுவேன். அடியில் ஒரு சின்னத் துளை விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூளையில் வெடித்துப் பழத்தைச் சுக்குநூறாக்கிவிடும். அந்தத் துளை வழியாகவே இனி மணலை நிரப்பி, நிஜப் பழத்தின் எடைக்குக் கிராம் சுத்தமாகக் கொண்டுவந்து, துளையை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது தக்காளி. நல்ல எடை. நான் வாசலில் நின்று மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன். தக்காளி பறந்து வந்தது. நல்லவேளை பிடித்துவிட்டேன்.

"ஒரு தழும்பு இல்ல, ஒரு புள்ளி இல்ல. இவ்வளவு சுத்தமான தக்காளியை எனக்கு எந்தக் கடைக்காரர் தர்றார்?"

அதுவும் நியாயம். அன்றிலிருந்து ஊசி முனையால் தழும்பு வைக்கப் பழகினேன். அடுத்தது குடைமிளகாய். தழும்பு, எடை, எல்லாம் கனகச்சிதம். நான் வாசலில் நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். செருப்பு மட்டுமே போடுகிறவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது கொஞ்சம் அதிகப்படிதான், ஒத்துக்கொள்கிறேன்.

"மேல உங்க விரல் ரேகை தெரியுது," என்று நீட்டினாள்.

அதோடு என் பட்டறையில் ஒரு சட்டம் பிறந்தது. வேலை முடிந்து மேல்மெருகு கொடுத்த பழத்தை யாரும் கையால் தொடக்கூடாது. நானே கூடத் தொடக்கூடாது. தட்டோடு வைத்து, தட்டோடு எடுக்க வேண்டும். பருத்திக் கையுறை இல்லாமல் ஒரு விரலும் படக்கூடாது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் மனைவி வந்து படித்துப் பார்த்து, "'தொடாதீர்கள்' நல்ல எழுத்து" என்றாள். எழுத்துக்கு மட்டும் 'நல்ல' கிடைத்தது.

இப்படியாகக் கண்காட்சி நெருங்கிவிட்டது. பந்தயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கண்காட்சிக்காக ஒரு மாதுளை செய்ய உட்கார்ந்தேன். சந்தையில் தேடி ஒரு மாதுளம்பழம் வாங்கிவந்தேன். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள், தோளில் ஒரு பழுப்புத் தழும்பு, தலையில் ஓரிதழ் உடைந்த கிரீடம். மண் சூளையில் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், ஆகவே பெரிதாகச் செய்ய வேண்டும். நான்கு செய்தேன். முதலாவது குண்டாக வந்தது. இரண்டாவதின் கிரீடம் உருகி உட்கார்ந்தது. மூன்றாவது வெடித்தது. நாலாவது வந்தது. அதற்கு ஏழு பூச்சு நிறம். தழும்புக்கு மட்டும் மூன்று நாள். அடியில், மண் ஈரமாக இருக்கும்போதே, கட்டைவிரல் நகத்தால் ஒரு பிறைக்கீறல். அது என் கையெழுத்து. நான் செய்யும் எல்லாவற்றிலும் இருக்கும்.

முடிந்த அன்று அதை நிஜத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே புல்லரித்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. விடுமுறை நாள். சமையலறைத் தராசில் இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்து, மணல் சேர்த்து, துளையை அடைத்து முடித்தேன். அதே நேரம் வாசலில் மண் மூட்டை ஏற்றிய வண்டி வந்து ஹாரன் அடித்தது. இரண்டு மாதுளைகளையும் மேடை மேலேயே விட்டுவிட்டு ஓடினேன். மூட்டைகளை இறக்கி ஷெட்டில்... மன்னிக்கவும், ஸ்டூடியோவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டங்!

"என்ன சத்தம்?" என்று குரல் கொடுத்தேன்.

பிறகு, "ஒண்ணுமில்லங்க. கரண்டி கீழ விழுந்துடுச்சு."

மூட்டைகளை அடுக்கி, வண்டிக்காரரை அனுப்பி, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மேடை மேல் ஒரு தட்டு. தட்டில் ஒரே ஒரு மாதுளை.

"இன்னொண்ணு எங்க?"

"வேலைதான் முடிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு அதை வெச்சுட்டுன்னு..." என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இதோ இருக்கு பாருங்க, கண்காட்சிக்கு. நானே பத்திரமா பெட்டியில வெச்சுத் தர்றேன்."

கையை நீட்டப் போனேன்.

"தொடாதீங்க! சுவர்ல என்ன எழுதி ஒட்டியிருக்கீங்க?"

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். என் நெஞ்சு விம்மியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் வேலைக்குக் காட்டிய முதல் மரியாதை அது. அவள் என் கையுறையைப் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மாதுளையைத் தட்டோடு தூக்கி வைத்து, நாலு பக்கமும் காகிதம் சுருட்டிக் கொடுத்து, ஒரு பச்சைக்குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி வைத்தாள். நான் பின்னால் நின்று, மனம் மாறிவிட்டாள், ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான் என்று உருகினேன். சந்தேகம் என்கிற ஒன்று அந்த நேரம் வெளியூர் போயிருந்தது.

கண்காட்சி, நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில். நாலு நாள். என் மேசையில், காம்பில் முள் வைத்துப் புதிதாகச் செய்த கத்தரிக்காய் உட்பட, முப்பத்தொரு உருப்படிகள், நட்டநடுவில் மாதுளை. முதல் நாளே கலைக் கல்லூரியில் மண்வேலை சொல்லித்தரும் ஆசிரியை வந்தார். கண்ணாடி தடிமனாக இருக்கும், வார்த்தை சிக்கனமாக இருக்கும். அவர் வாழைப்பழத்தைப் பார்த்து "ம்" என்றார். பூண்டைப் பார்த்து "ம்" என்றார். மாதுளை முன்னால் வந்து நின்றவர் நகரவே இல்லை.

"மத்ததெல்லாம் நீங்க செஞ்சது. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இதைப் பாருங்க, செஞ்ச மாதிரியே இல்ல. தானா வந்திருக்கு."

"எல்லாம் கை பழகினதுதாங்க," என்று தலைகுனிந்தேன்.

"இந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"ஏழு பூச்சு," என்றேன். "ஆறாவது பூச்சுலதான் உயிர் வந்துச்சு."

இரண்டாம் நாள் மாலை, வேலை முடிந்து என் மனைவி வந்தாள். தையல்காரரும் கூட வந்தார். அவள் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாதுளை முன்னால் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்தேன்.

"இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?"

"தழும்பு வராது. கொண்டுவரணும். ஊசி முனையில பழுப்பு நிறத்தைத் தொட்டு, மூச்சை அடக்கிட்டு..."

"அப்படியா! மேல ஒரு இதழ் உடைஞ்சிருக்கே?"

"அது வேணும்னே உடைச்சது. குறையிலதான் நிஜம் இருக்கு."

"ம்ம். எவ்வளவு நாள் ஆச்சு?"

"மூணு வாரம். ராப்பகலா."

அவள் முந்தானையால் வாயை மூடி இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து, "பரவாயில்ல" என்றாள்.

மனசு உடைந்துவிட்டது. அவ்வளவுதான், ஆயுசுக்கும் இந்த வார்த்தைதான் எனக்கு எழுதியிருக்கிறது என்று தோன்றியது. கூடவே காய் நறுக்கும் வேலையும் வந்துவிட்டது. கெடு முடிய இரண்டே நாள், கூடையில் வைக்க என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. அன்று வீட்டுக்குப் போய் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள்.

நாலாம் நாள் மதியம். கூடத்தில் நல்ல கூட்டம். மேசையைத் துடைக்கக் குனிந்தவன் பார்த்தேன். எறும்பு! மேசைக் காலில் ஏறி, விரிப்பின் ஓரமாக வளைந்து, வாழைப்பழத்தைச் சீந்தாமல், ஆப்பிளைத் திரும்பிப் பார்க்காமல், நேராக என் மாதுளைக்குப் போகிறது ஒரு வரிசை. எனக்கு வந்ததே ஆவேசம்! மேசையைத் தட்டிக் கூட்டத்தைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க! மனுஷன் ஏமாறலாம். ஆனா எறும்பு ஏமாறுமா? ஏமாந்திருக்கு பாருங்க! ஒரு எறும்பு இல்ல, ஒரு ஊர்வலமே ஏமாந்திருக்கு!"

கைதட்டல் கூடத்தையே அதிரவைத்தது. நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். என் மனைவி ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, எறும்புகள் ஒத்துக்கொண்டுவிட்டன என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தையல்காரர் மட்டும் குனிந்து, தைக்கிற கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக.

"சொல்லு தம்பி."

"எறும்பு ஏறுது, சரி. இறங்கறது வாயில என்னமோ எடுத்துட்டு இறங்குதே?"

என் சட்டத்தை நானே மீறினேன். வெறுங்கையால் மாதுளையைத் தூக்கினேன். பின்பக்கம் ஒரு வெடிப்பு. என் கட்டைவிரல் அதற்குள் சுகமாக இறங்கியது. சிவப்பாக ஒரு சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். பிறை இல்லை. ஒன்றுமே இல்லை. ஏழு பூச்சு, மூன்று வாரம், ஊசி முனை, உயிர் வந்த ஆறாவது பூச்சு, எல்லாவற்றையும் செய்தது ஏதோ ஒரு மரம்.

"சூளையில வெடிப்பு விட்டிருக்கு," என்று கூட்டத்திடம் முனகிவிட்டு, மாதுளையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, தையல்காரர் பின்னால் வர, வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சட்டை.

கதவைத் திறந்த மனைவி முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, பையைத்தான்.

"வெடிச்சிடுச்சா?"

அவள் உள்ளே போய், தன் துணி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். பிரித்தாள். உள்ளே என் மாதுளை. நிஜமான என் மாதுளை, அதாவது நிஜமில்லாதது. கிரீடத்துக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குச் சில்லு பெயர்ந்து, வெள்ளை மண் தெரிந்தது. பெயர்ந்த சில்லையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அது கத்தி பட்ட காயம்!

"வெட்டியிருக்க!" என்று கத்தினேன். "நீ வெட்டியிருக்க! கரண்டி விழலை! நீ ஏமாந்துட்ட!"

"ஆமா."

"கத்தி வெச்சியா இல்லையா?"

"வெச்சேன். கத்தியும் போச்சு."

நான் குதித்த குதியில் தையல்காரர் மாடியேறப் போனவர் பாதியில் திரும்பி வந்துவிட்டார். அவர் சாட்சியாயிற்றே.

"ஏன் அன்னிக்கே சொல்லலை? பந்தயம் போயிடும்னுதானே?"

"பந்தயம் கிடக்குது," என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "நாலு தடவை செஞ்சீங்க. மூணாவது வெடிச்ச அன்னிக்கு நீங்க உட்கார்ந்திருந்த மாதிரியைப் பார்த்தவ நான். கண்காட்சிக்கு ரெண்டு நாள். 'உங்க மாதுளையை உடைச்சுட்டேன்'னு எந்த வாயால சொல்றது? பயந்துட்டேங்க. கண்ணுக்கு முன்னால அதே மாதிரி நிஜம் ஒண்ணு இருந்துச்சு. நாலு நாள் தாங்கிடும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துப் பயந்ததும், சில்லைக்கூட எறியாமல் டப்பாவில் வைத்திருந்ததும் கண்முன் நின்றன.

"அது சரி," என்றேன். "மத்த எல்லாத்தையும் பார்த்தவுடனே கண்டுபிடிச்ச. இதை மட்டும் எப்படி விட்ட?"

"அன்னிக்கு நீங்க வாசல்ல நிக்கலையே."

"என்னது?"

"காயைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? கத்தரிக்காய் அன்னிக்கு ஃபேனைப் பார்த்துட்டு நின்னீங்க. தக்காளி அன்னிக்குச் சீட்டி. ஷூ பாலிஷ் வேற. சும்மா இருக்கற நாள்ல நீங்க சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கீங்களா? நீங்க வந்து நின்னாலே கூடையில ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொண்ணா கையில தட்டிப் பார்ப்பேன்."

"அப்போ முள்ளு? எடை? தழும்பு? விரல் ரேகை?"

"நீங்க எப்படின்னு கேட்டீங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன். நீங்க அதையெல்லாம் உட்கார்ந்து சரி பண்ணிட்டீங்க. கடைசியில என்னையே வெட்ட வெச்சுட்டீங்க." மாதுளையைத் திருப்பி, அந்தப் பிறைக்கீறலை விரலால் தடவினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு."

கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. தையல்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். நான் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டேன்.

"ஆக, பந்தயத்துல நீ தோத்துட்ட. ஏமாந்தவங்க நறுக்கணும்."

"ஏமாந்தவங்க யாரா இருந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நீ ஏமாந்த."

"ஏமாந்தேன். கத்தி பட்டதும் டங்குன்னு கேட்டுச்சு, தெளிஞ்சுட்டேன். ஒரு நொடி." அவள் என் சட்டைப்பையைக் காட்டினாள். "நீங்க ஆறு நாள்."

நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைத் தடவிக்கொண்டு, "அளவு அப்படித்தான் அண்ணே வருது," என்றார். அந்த மனுஷனுக்கு இத்தனை வருஷம் கொடுத்த தேநீரையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

தீர்ப்பு அன்றே அமலுக்கு வந்தது. இப்போது மூன்று மாதமாகக் காலையில் காய் நறுக்குவது நான்தான். விரல்கள் பத்தும் பத்திரமாகத்தான் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். சில்லு ஒட்டிய மாதுளை எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் கத்தி பட்ட இடத்தை அவளே காட்டிச் சொல்கிறாள்.

நேற்றுக் காலை கத்தரிக்காய். அவள் முன்னறையில் காலை நீட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசல் பக்கம் வரவே இல்லை. நான் ஒன்றை நறுக்கினேன், இரண்டை நறுக்கினேன். மூன்றாவது நல்ல கனமான காய், தோளில் ஒரு தழும்பு, காம்பில் முள்கூட இருந்தது. கத்தியை வைத்து அழுத்தினேன்.

டங்!

திருப்பிப் பார்த்தேன். அடியில் பிறைக்கீறல்.

"என்னங்க, என்ன சத்தம்?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"ஒண்ணுமில்ல. கரண்டி கீழ விழுந்துடுச்சு."

"அந்தக் கரண்டி அப்படித்தாங்க," என்றாள். "அடிக்கடி விழும்."